சிலாங்கூர் ஆறு: கழிமுகக் கோட்டையும் மலைநகரும்

மலாய்மொழியில் ‘கோலா’ என்னும் சொல் இரு பொருள் தரும். ஆறு கடலிற் புகும் இடமும் கோலா. ஓர் ஆறு மற்றோர் ஆற்றொடு கலக்கும் இடமும் கோலா. பழந்தமிழர் முன்னதைப் புகார் என்றும், பின்னதைக் கூடல் என்றும் பிரித்து வழங்கினர். அவ்வழக்கின்படி நோக்கினால் கோலசிலாங்கூர் ஒரு புகார். கோலகுபு ஒரு கூடல். இரண்டையும் ஈன்றது ஓர் ஆறே. நடுமலைத்தொடரில் பிரேசர் மலைச் சாரலிற் பிறந்து, உலு சிலாங்கூரின் காடுகளையும் ஈய நிலங்களையும் தோட்டங்களையும் கடந்து, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி, மலாக்கா நீரிணையிற் கலக்கும் சிலாங்கூர் ஆறே அது. ‘உலு’ என்பது ஆற்றின் தலைப்பகுதியைக் குறிக்கும். ஆகவே கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் என்னும் இரு மாவட்டப் பெயர்களும் இவ்வாற்றைக் கொண்டு அமைந்தவை. ஒன்று அதன் வாய். மற்றது அதன் தலை.

விடுமுறை நாள்களில் இப்பகுதிக்கு வருவோர் பலர். கோலசிலாங்கூரில் குன்றேறிக் கலங்கரை விளக்கத்தையும் மந்திகளையும் பார்க்கின்றனர். இரவில் கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினி காண்கின்றனர். வேறொரு நாள் கோலகுபு பாருவுக்குச் சென்று மலையாற்றில் நீராடுகின்றனர். இன்னும் மேலே பிரேசர் மலைக்கும் போகின்றனர். பள்ளிகள் நடத்தும் சுற்றுலாக்களும் இவ்வாறே ஒவ்வோரிடத்தையும் தனித்தனியே காட்டித் திரும்புகின்றன. இடங்கள் அழகியவைதாம். ஆனால் அவற்றின் வரலாறு தனித்தனியானதன்று. மலையில் நிகழ்ந்தது கழிமுகத்திற்கு வந்து சேர்ந்தது. கழிமுகத்தில் நிகழ்ந்ததன் விளைவு மலைவரை ஏறிற்று. ஆற்றின் போக்கோடு சேர்த்துப் பார்த்தாலன்றி இவ்வூர்களின் கதை விளங்காது.

கழிமுகத்திலிருந்தே தொடங்குவோம். கடலோரச் சதுப்பு நிலத்தின் நடுவே புக்கிட் மெலாவத்தி என்னும் சிறு குன்று எழுந்து நிற்கிறது. உயரத்தால் அது பெரிதன்று; இருப்பிடத்தால் பெரிது. அதன் உச்சியில் நிற்பவன் கடலையும் ஆற்றுவாயையும் ஒருங்கே காண்பான். ஆற்றில் ஏறும் படகும் இறங்கும் படகும் அவன் கண்ணுக்குத் தப்பா. சிலாங்கூர் அரச மரபு இங்கு வேரூன்றியதற்கு இதுவே காரணம். புகிஸ் வீரர் டாயெங் செலாக்கின் மகனான ராஜா லுமு, பேராக் சுல்தானின் ஒப்புதலோடு 1766-ஆம் ஆண்டு சாலேஹுதீன் ஷா என்னும் பெயருடன் சிலாங்கூரின் முதற் சுல்தானாக முடிசூடினார். அவரும், அவருக்குப்பின் வந்த சுல்தான் இப்ராகிமும், மூன்றாமவரான சுல்தான் முகமதுவும் இக்குன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

இவ்வரசின் செல்வம் ஈயம். அது கழிமுகத்தில் விளைந்ததன்று. உள்நாட்டு மலையடிவாரத்தில் எடுக்கப்பட்டு, படகேறி ஆற்றோடு இறங்கி வந்தது. ஆற்றுவாயை ஆள்பவன் ஒவ்வொரு பாரத்திற்கும் வரி கொண்டான். அக்காலத்து மலாய் வணிகர் வழங்கிய ‘பாரா’ என்னும் நிறை, நம் ‘பாரம்’ என்னும் சொல்லோடு உறவுடையது. மூன்று பிக்குல், அஃதாவது ஏறத்தாழ 400 இராத்தல் கொண்டது. சாலையில்லாத நாட்டில் ஆறுதான் சாலை, ஆற்றுவாய்தான் சுங்கச்சாவடி. குன்றில் நின்ற பீரங்கிகள் காத்தது இந்தச் சாவடியைத்தான்.

அதே ஈயத்தின்மேல் மலாக்காவிலிருந்த ஒல்லாந்தருக்கும் கண். 1784-ஆம் ஆண்டு ரியாவ் நாட்டு ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டபோது சுல்தான் இப்ராகிமும் அவருக்குத் துணை நின்றார். வான் பிராம் என்பவரின் தலைமையில் ஒல்லாந்தக் கப்பற்படை வந்தது. ஜூன் மாதம் ராஜா ஹாஜி போரில் வீழ்ந்தார். ஆகஸ்டில் அப்படை கோலசிலாங்கூரைக் கைப்பற்றிற்று. மெலாவத்திக் கோட்டைக்கு அன்றைய பத்தாவியா ஆளுநர் நாயகமாகிய ஆல்ட்டிங்கின் பெயரால் ‘ஆல்ட்டிங்ஸ்பர்க்’ என்று பெயரிட்டனர். சுல்தான் இப்ராகிம் பகாங்கிற்குச் சென்றார். ஓராண்டு நிறைவதற்குள், 1785 ஜூனில், பகாங் வீரர்களைத் திரட்டிக்கொண்டு மலைத்தொடரைக் கடந்து வந்து கோட்டையை மீட்டார். ஒல்லாந்தர் எதிர்பார்த்த பகை கடல்வழியாக வருவது. வந்த பகையோ மலைவழியாக வந்தது. பின்னர் அவர்கள் கப்பல்களைக்கொண்டு ஆற்றுவாயை அடைத்துப் பார்த்தனர். 1786-இல் உடன்படிக்கை ஏற்பட்டது.

இங்கு ஒரு பிழை வழக்கைச் சுட்டுதல் வேண்டும். இக்கோட்டையை ‘ஒல்லாந்தர் கோட்டை’ என்று மாணவர்க்குச் சொல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒல்லாந்தர் இதனை வைத்திருந்தது பதினொரு மாத அளவே. மெலாவத்தி, சிலாங்கூர் சுல்தான்களின் கோட்டை. அவர்கள் இழந்து மீட்ட கோட்டை. மயக்கத்திற்குக் காரணம் கலங்கரை விளக்கத்தின் பெயராகலாம். ஆல்ட்டிங்ஸ்பர்க் என்னும் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்விளக்கம் 1907-இல் ஆங்கிலேயர் கட்டியது. தோற்றுப்போன ஒல்லாந்தர் இட்ட பெயரை, அவர்கள் போய் நூற்றிருபது ஆண்டுக்குப் பின் ஆங்கிலேயர் எடுத்து ஒரு விளக்கத்திற்குச் சூட்டினர். கோட்டையை மீட்டவரின் பெயர் அதற்கு வாய்க்கவில்லை.

மலைவழி மீண்டும் ஒருமுறை கழிமுகத்தின் விதியை முடிவு செய்தது. 1867 முதல் சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் மூண்டது. கிள்ளான் வரி யாருக்கு என்பதே தொடக்க வழக்கு. கிள்ளானை இழந்த ராஜா மகாடி 1870-இல் கோலசிலாங்கூரைப் பிடித்துக்கொண்டார். கிள்ளான் போனால் இன்னொரு சுங்கச்சாவடி என்பதுதான் கணக்கு. 1871 ஜூலையில், கடற்கொள்ளையர் இங்குத் தங்கியுள்ளனர் என்னும் காரணங்காட்டி, ரினால்டோ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் கோட்டையின்மேல் குண்டு பொழிந்தது. எனினும் சண்டை ஓயவில்லை. இறுதியில், தெங்கு கூடினுக்குத் துணையாகப் பகாங்கிலிருந்து மலை கடந்து வந்த படையினர், 1873 நவம்பரில் கோலசிலாங்கூரைக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டு ஆங்கிலேய ஆட்சித் தூதர் சிலாங்கூருக்கு வந்தார். இரு நூற்றாண்டுகளில் இரு முறை, ஆற்றின் தலைப்பக்கமிருந்து வந்தவர்களே அதன் வாயை வென்றனர்.

இனி ஆற்றில் மேலேறுவோம். சிலாங்கூர் ஆறும் குபு ஆறும் கூடுமிடத்தில் எழுந்த ஈய ஊர் கோலகுபு. ‘குபு’ என்றால் அரண். ஊருக்கு மேலே, ஈயம் எடுக்கும் வேலைக்காக நீரைத் தேக்கிய பழைய அணையொன்று இருந்தது. 1883 அக்டோபரில் அவ்வணை உடைந்தது. ஊர் வாரிச் செல்லப்பட்டது. ஆங்கிலேய அதிகாரி செசில் ராங்கிங்கும் ஊர்மக்கள் பலரும் உயிரிழந்தனர். அணையில் வாழ்ந்த வெள்ளை முதலையை அவ்வதிகாரி சுட்டதே அழிவுக்குக் காரணம் என்பது உள்ளூர்க் கதை. அக்கதையை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளவேண்டியதில்லை. தேங்கிய நீரைக் காக்கும் ஒன்றைத் தொடக்கூடாது என்னும் அச்சம், அணையடியில் வாழும் மக்களுக்கு இயல்பானதே. பழைய கோலகுபு இருந்த இடத்துக்கு இன்று ‘அம்பாங் பெச்சா’ என்று பெயர். ‘உடைந்த அணை’ என்பது அதன் பொருள். நூல்களைப் புரட்டாதவனும் அவ்வூர்ப் பெயர்ப்பலகையில் வரலாற்றைப் படித்துவிடலாம்.

அழிந்த ஊர் மீண்டும் எழுந்தது. அதை வளர்த்தது இருப்புப்பாதை. கோலாலம்பூரிலிருந்து வடக்கே சென்ற பாதை 1892-இல் ரவாங்கையும், 1894-இல் கோலகுபுவையும் எட்டிற்று. கோலகுபுவிலிருந்து மலையேறி, கேப் என்னும் கணவாய் வழியாகப் பகாங்கின் ராவுப் பொன்சுரங்கம் நோக்கிச் சாலையும் போடப்பட்டது. கணவாய்க்குக் கீழே கடைசி நிலையம் கோலகுபு. பகாங் செல்வோர் யாவரும் அங்கு இறங்கியே போகவேண்டும். ஊர் செழித்தது.

ஆனால் இதே இருப்புப்பாதை கோலசிலாங்கூருக்குச் செய்ததை வரலாற்று நூல்கள் அழுத்திச் சொல்வதில்லை. அதுவரை மலையின் ஈயம் ஆற்றோடு இறங்கி மெலாவத்தியின் அடிவாரத்தைத் தொட்டே கடலுக்குச் செல்லவேண்டியிருந்தது. இப்பொழுது அது தண்டவாளத்தில் ஏறிக் கோலாலம்பூர் வழியாகக் கிள்ளானுக்குப் போயிற்று. 1901-இல் சுவெட்டன்காம் துறைமுகம் திறக்கப்பட்டதும், கழிமுகத்தின் சுங்கச்சாவடிக்கு வேலையே இல்லாமற் போயிற்று. ஒல்லாந்தக் கப்பல்களும் ஆங்கிலேயப் பீரங்கிகளும் நிலையாகச் செய்ய முடியாததை, சில ஆண்டுகளில் இரண்டு இரும்புக் கம்பிகள் செய்து முடித்தன. கோட்டைக் குன்றில் கலங்கரை விளக்கம் எழுந்தது இதற்குப் பின்னரே. காவல் காத்த குன்று, கடந்து செல்லும் கப்பலுக்கு வழிகாட்டும் குன்றாயிற்று.

அந்தத் தண்டவாளத்தையும் மலைச்சாலையையும் போட்டவர்கள் யார் என்னும் கேள்வி தமிழ்ப்பள்ளி மாணவன் கேட்கத்தக்கது. அக்காலத்தில் இருப்புப்பாதை வேலையிலும் பொதுப்பணிச் சாலை வேலையிலும் கல்லுடைத்து, மண்சுமந்து, சல்லி பரப்பியவருள் மிகப் பலர் தென்னிந்தியத் தமிழர். நிலைய அலுவலகங்களில் எழுத்துவேலை பார்த்தவருள் இலங்கைத் தமிழர் பலர். கேப் சாலையின் வளைவுகளில் வண்டியிற் போகிறவர்கள், குளிர்காற்றையும் மூங்கிற் புதரையும் வியக்கின்றனர். கணவாயின் பெயர் ஆங்கிலம். மலையுச்சியின் பெயர் ஒரு ஸ்காத்துலாந்துக்காரருடையது. வழியமைத்தவன் பெயர் எங்குமில்லை.

ரவாங்கின் கதை இதற்குச் சற்று மாறானது. அங்கே ஒரு தமிழர் பெயர் நாட்டின் தொழில் வரலாற்றில் நிலையாக எழுதப்பட்டுள்ளது. 1894-இல், லோக் இயூ என்னும் சீனப் பெருவணிகரும் தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக மின்னாக்கிப் பொறியொன்றை நிறுவினர். இந்நாட்டில் மின்சாரம் தொடங்கியது அதிலிருந்துதான் என்று மின்வாரிய வரலாறே கூறுகிறது. சுரங்கப் பள்ளத்தில் ஊறும் நீரை இறைப்பதே ஈயத் தொழிலின் பெருந்தொல்லை. நீராவிப் பொறிக்கு விறகு வெட்டி மாளாது. மின்விசை அத்தொல்லையைத் தீர்த்தது. தம்புசாமிப் பிள்ளையைக் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோவிலோடும் பத்துமலையோடும் சேர்த்து மட்டுமே நம்மவர் நினைவுகூர்கின்றனர். அது குறையுடைய நினைவு. ரவாங் இருப்புப்பாதை நிலையத்தில் இறங்கும் மாணவனுக்கு, இந்த ஊரில்தான் ஒரு தமிழரும் ஒரு சீனரும் கூடி முதன்முதல் மின்சாரம் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் பிறகு மற்றவற்றைச் சொல்லலாம்.

மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் தோட்டங்களின் நிலம். முதலிற் காப்பி பயிரிட்டனர். பிரேசில் நாட்டுக் காப்பி சந்தையை நிரப்பவே விலை வீழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் வந்தது. கங்காணிமார் வழியாகத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள்கள் வந்தனர். சத்திர்ஐலா, பிரான்ஸ்டன், நைஜல் கார்ட்னர், கோல்பீல்ட்ஸ் என்று துரைமார் நாட்டுப் பெயர்களே தோட்டங்களுக்கு வாய்த்தன; மலாய்ப் பெயருடையவையும் பல. ஆனால் தொழிலாளர் தங்களுக்குள் வழங்கியது வேறு. துரையின் தோற்றத்தையோ, பாலத்தையோ, நின்ற மரத்தையோ வைத்து ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஒரு தமிழ்ப் பெயர் இட்டனர். அப்பெயர்கள் நில அளவை வரைபடத்தில் ஏறவில்லை. லயன்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகரத்து அடுக்குவீடுகளுக்குப் போனபின், அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் முதியோர் மட்டுமே. தோட்டப்பள்ளி ஆசிரியர்கள் ஒரு குறிப்பேடு வைத்து, முதியோரைக் கேட்டு, பெயரையும் காரணத்தையும் எழுதி வைக்கலாம். இப்பணிக்குப் பட்டமும் வேண்டா, பொருளும் வேண்டா, காலந்தான் குறைவு.

வரைபடத்தில் ஏறிவிட்ட தமிழ்ப்பெயர் ஒன்று உண்டு. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் ‘தென்னமாரம்’ என்று எழுதப்படும் தோட்டம் இருக்கிறது. அது தென்னமரம் என்னும் நம் சொல்லே என்பது கேட்ட அளவில் விளங்கும். வியப்பு யாதெனின், அத்தோட்டம் புகழ்பெற்றது தென்னையால் அன்று, செம்பனையால். ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பஞ்சாங் என்னுமிடத்தில் தோட்டம் போட்டார். செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848-இல் சாவகத்தின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழிவந்த மரங்கள் சுமத்திராவின் டெலிப் பகுதியில் அழகுக்காக வரிசையாக நின்றன. அங்கிருந்து விதை பெற்று ரந்தாவ் பஞ்சாங்கில் வளர்த்துப் பார்த்த ஃபோக்கோனியே, 1917-இல் தென்னமாரத்தில் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. இன்று இத்தீபகற்பத்தில் எந்தத் திசையில் சென்றாலும் கண்ணுக்கெட்டும்வரை தெரியும் செம்பனைக் காட்டுக்கு மூலம், தமிழில் தென்னையின் பெயர் தாங்கிய ஒரு தோட்டம்! ஃபோக்கோனியே பின்னர் எழுதிய மலாயா நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்துத் தமிழரும் அதில் வருகின்றனர். தமிழ்த் தொழிலாளரை உலக இலக்கியத்தில் முதலிற் காட்டியவற்றுள் ஒன்று என்ற அளவில் அதற்கு மதிப்புண்டு. ஆயினும் அது துரையின் திண்ணையிலிருந்து பார்த்த காட்சி என்பதை மறத்தலாகாது.

ஆற்றங்கரைத் தோட்டங்களின் துயரக் காலங்களை ஈண்டு விரிக்க இடமில்லை. 1930-ஐ ஒட்டிய விலைவீழ்ச்சியில் பல்லாயிரவர் தாயகம் திருப்பி அனுப்பப்பட்டனர். 1941-இல் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் கிள்ளான் வட்டாரத்தில் எழுந்த வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்னும் இழிவு நீங்கவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, நாதன் நாடு கடத்தப்பட்டார். 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் கடல்வழியாகக் கோலசிலாங்கூர்ப் பகுதிக்கு வந்து, ஆற்றையொட்டிய சாலை வழியாகப் பத்தாங் பெர்ஜுந்தை நோக்கி ஏறி, ரவாங்கில் பிரித்தானியப் படையின் பின்புறத்தை அச்சுறுத்தினர். முன்பு மலையிலிருந்து இறங்கிய படைகள் கழிமுகத்தை வென்றன என்றால், இம்முறை கழிமுகத்திலிருந்து ஏறிய படை மலையடிவாரத்தை நெருக்கிற்று. அதன்பின் சயாம் மரண இருப்புப்பாதைக்கு ஆள்கள் கொண்டுபோகப்பட்ட கதை எல்லாத் தோட்டக் குடும்பங்களுக்கும் தெரியும்.

மீண்டும் மலையடிக்கு வருவோம். ஈயம் தந்த கோலகுபுவை ஈயமே புதைத்தது. மலைச்சரிவை நீர்ப்பாய்ச்சி அரித்து ஈயமணலைப் பிரிக்கும் முறையில், ஒரு கைப்பிடி ஈயத்திற்கு ஒரு குன்றளவு மண் ஆற்றில் இறங்கும். ஆண்டுதோறும் ஆற்றுப்படுகை உயர்ந்தது. ஊர் ஆற்றைவிடத் தாழ்ந்தது. மழைதோறும் தெருவில் வண்டல் ஏறிற்று. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தோடு அவ்வூரைக் காப்பாற்ற இயலாது என்பது உறுதியாயிற்று. மேட்டுநிலத்தில் புதிய ஊர் அமைப்பது என்று அரசு முடிவு செய்தது.

அதற்குத் திட்டம் வரைந்தவர் சார்லஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்து, தென் ஆஸ்திரேலியாவில் நகரமைப்புப் பணியாற்றி, 1921-இல் மலாயா அரசின் நகரமைப்பாளராக வந்தவர். இங்கிலாந்தில் தோன்றிய ‘தோட்டநகர்’ கொள்கையில் அவருக்குப் பெரும்பற்று. அரசு அலுவலகங்கள் ஒருபுறம், கடைவீதி ஒருபுறம், குடியிருப்பு ஒருபுறம் என வகுத்து, இடையிடையே பசும்புல் வெளி விட்டு அமைத்தார். கோலகுபு பாரு இவ்வாறு பிறந்தது. 1930-ஐ ஒட்டி மக்கள் அங்குக் குடிபெயர்ந்தனர். ‘பாரு’ என்றால் புது. இன்றும் அச்சிற்றூரின் கடைத்தெருவில் நின்றால், ஏன் இவ்வளவு காற்றோட்டம், ஏன் வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே இவ்வளவு வெளி என்று எவரும் வியப்பர். அழகுக்காக மட்டும் அமைந்ததன்று அது. புதையுண்ட ஊரிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அமைத்த ஊர்.

அவ்வூருக்கு எதிரே ஏறத்தாழ 1,050 மீட்டர் உயரத்தில் நிற்பது புக்கிட் கூத்து. பிரேசர் மலையைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். இதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. 1893-இல் அன்றைய ஆட்சித் தூதர் டிரீச்சரின் பெயரால் ஆங்கிலேயர் இங்கு ஓய்வு மனை அமைத்தனர். சிலாங்கூரின் மலைவாச இடங்களில் இது முன்னது. போர்க்காலத்தில் அழிந்தபின் எவரும் அதைப் புதுப்பிக்கவில்லை. இப்பொழுது காட்டின் நடுவே புகைபோக்கி ஒன்று தனித்து நிற்கிறது. மலையேறும் இளைஞர் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். வெப்ப நாட்டில் அடுப்பெரித்துக் குளிர்காயும் ஆசை எத்தகையது என்பதற்கு அப்புகைபோக்கி சான்று. பின்னர் வந்த பிரேசர் மலை அதன் புகழைக் கவர்ந்துகொண்டது. லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காத்துலாந்துக்காரர் அப்பகுதியில் ஈயம் தேடியும் கோவேறு கழுதைகளில் சரக்கு ஏற்றியும் வாழ்ந்து, பின் காணாமற் போனார். 1917-இல் அவரைத் தேடிச் சென்ற சிங்கப்பூர்ப் பேராயர் அவரைக் காணவில்லை. குளிர்ந்த மலையைக் கண்டார். 1922-இல் மலைவாச இடம் திறக்கப்பட்டது.

அவசரகாலத்தின் இரு நிகழ்ச்சிகள் இம்மலையடியில் நிகழ்ந்தவை. 1948 டிசம்பர் 12-ஆம் நாள் பத்தாங்காலியை அடுத்த ரப்பர்த் தோட்டமொன்றில் படைக்கலமில்லாத சீனத் தொழிலாளர் 24 பேர் பிரித்தானியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுடைய வழியினர் அறுபது ஆண்டுக்கு மேலாக நீதி விசாரணை கேட்டுப் போராடினர். 2015-இல் இலண்டன் உச்சநீதிமன்றம் அவர்கள் வழக்கைத் தள்ளிற்று. மூன்றாண்டு கழித்து, 1951 அக்டோபர் 6-ஆம் நாள், பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் பிரித்தானிய உயர் ஆணையர் ஹென்றி கர்னி பதுங்கியிருந்தோரால் கொல்லப்பட்டார். பின்னது எல்லாப் பாடநூலிலும் உண்டு. முன்னதை ஆசிரியர்தாம் எடுத்துச் சொல்லவேண்டும்.

ஆற்றின் தலைப்பகுதியில் மனிதன் செய்த கடைசிப் பெருஞ்செயல் மற்றோர் அணை. கோலகுபு பாருவுக்கும் பிரேசர் மலைக்கும் இடையே, தலைநகரும் அதன் சுற்றுப்புறமும் குடிநீர் பெறும்பொருட்டுச் சிலாங்கூர் ஆற்றணை 2002-ஆம் ஆண்டளவில் கட்டி முடிந்தது. பெர்த்தாக், கெராச்சி என்னும் தெமுவான் பழங்குடிச் சிற்றூர்கள் இடம்பெயர்க்கப்பட்டன. 1883-இல் உடைந்த அணைக்கு இது ஈடாகாது. அது ஒரு குளமென்றால் இது ஒரு கடல். சாலையோரம் நின்று அந்நீர்ப்பரப்பைக் காண்போர் படம் எடுத்துச் செல்கின்றனர். அதன் அடியில் ஒரு பள்ளத்தாக்கு இருந்ததை அறிந்தோர் அப்பழங்குடியினர்.

அணை எழுந்தபோது கவலைப்பட்டோருள் கழிமுகத்து மின்மினியை ஆராய்ந்தவர்களும் இருந்தனர். நெடுந்தொலைவில் உள்ள அணைக்கும் மின்மினிக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். கம்போங் குவாந்தான் மின்மினிகள் பெரெம்பாங் என்னும் கண்டல் வகை மரங்களிலே கூடுகின்றன. அம்மரம் கடலுப்பும் ஆற்றின் நன்னீரும் அளவோடு கலக்கும் கரையில் வளர்வது. மின்மினியின் புழுப்பருவம் ஆற்றங்கரை ஈரமண்ணில் கழிகிறது. அங்கு வாழும் சிறு நத்தைகளே அதன் இரை. மேலிருந்து வரும் நன்னீர் குறைந்தால் உப்பு உள்ளேறும். கரைமரங்களை வெட்டினால் நத்தைக்கு நிழல் போகும். நத்தை குறைந்தால் புழுவுக்கு இரையில்லை. முன்பு மலையிலிருந்து வந்த ஈயமும் படையும் மணலும் கழிமுகத்தின் விதியை எழுதின. இப்பொழுது மலையிலிருந்து வராத நீர் அதை எழுதக்கூடும்.

மின்மினி காண விரும்புவோர் நிலவில்லாத இரவைத் தேர்ந்துகொள்ளுதல் நலம். மழை பெய்தால் ஒளி குறையும். மாணவரை அழைத்துச் செல்வோர் பகலில் மெலாவத்திக் குன்றில் ஏறி, மூன்று சுல்தான்களின் கல்லறைகளையும் காட்டி, ஆறு கடலிற் புகுமிடத்தைக் குன்றிலிருந்து பார்க்கச் செய்து, இருட்டியபின் படகுத்துறைக்குப் போகலாம். கம்போங் குவாந்தானில் துடுப்பால் செலுத்தும் மரப்படகுகளே உண்டு. படகோட்டி பேசாமல் கரையோரமாகச் செலுத்துவான். ஒரு மரத்துப் பூச்சிகள் யாவும் ஒருங்கே ஒளிர்ந்து ஒருங்கே அணையும். கைவிளக்கு அடிக்கலாகாது என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைத்தல் வேண்டும்.